மூன்று சந்தனப் பொட்டும் ஒரு தேசிக்காயும்

போன மாதம் ஒரு மத்தியானம், சோற்றுக் கோப்பையோடு நான் இருந்த நேரம் பார்த்துக் கேரன் தொலைபேசியில் அழைத்தாள். ஸ்காபரோவில் நான் வேலை செய்து ஓய்வுபெற்ற, துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் கடையில் இப்போது என் மேசையில் இருப்பவள் அவள். பழைய வேட்டைத் துவக்கு ஒன்று தோள்வார் கொளுவும் வளையம் மாற்ற வந்திருக்கிறதாம். அதன் இரும்பில் வரிசையாக மூன்று கறுத்த வட்டங்கள் இருக்கின்றனவாம். வாடிக்கையாளருக்கு ஒரு நன்மையாக அவற்றைக் காசில்லாமல் மினுக்கி எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

மூன்றாவது வட்டத்துக்குள் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் தெரிகின்றனவா என்று கேட்டேன். தெரிகின்றன என்றாள்.

கை வைக்காதே என்றேன். என்ன கறை அது என்று கேட்டாள். சோறு ஆறும்வரை சொல்லி முடித்தேன். அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். இதைக் கேட்க வேண்டிய வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

திருமண மண்டபங்களில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள், "இவர் துவக்குக் கடையில வேலை செய்தவர்" என்று சொன்னதும், கை கொடுக்க வந்தவர் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனத்தில் ஒருவன் அதே சாமானைத் திருத்திச் சீவித்தான் என்பது பலருக்குச் செமிப்பதில்லை. என் மனைவி நெடுங்காலம் "விளையாட்டுச் சாமான் கடை" என்றே சொல்லிவந்தாள். அதனால் யூனியன்வில்லில் இருக்கும் அவளுடைய சிநேகிதி ஒருத்தி, மகனுக்கு மலிவாக ஹொக்கி மட்டை எடுத்துத் தரச் சொல்லி ஒவ்வொரு குளிருக்கும் எனக்கு நினைவூட்டுவார்.

ஊரில் நான் பத்திரிகைக்காரன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் துணை ஆசிரியர் மேசையில் விபத்து, மரணம், நீதிமன்றம் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. எங்கள் செய்தி ஆசிரியர் கண்டதை எழுது, கண்டதற்கு மேல் எழுதாதே என்பார். அதைத் தவிர வேறு பயிற்சி எதுவும் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே வீட்டில் பலர் அடைந்து கிடந்த காலத்தில் தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் மரத்துக்கு மெருகு போடும் வேலை கிடைத்தது. மரத்தின் குணம் அங்கே பழகியது. தொழிற்சாலையை மூடினார்கள். துவக்குகளின் மரப்பிடியைத் திருத்த ஒருவர் ஆள் தேடுகிறார் என்று அங்கே கூட வேலை செய்தவர் சொன்னார்.

அப்படித்தான் எர்னியின் கடைக்குப் போனேன். எர்னி என்னிடம் அனுபவம் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு துவக்கை மேசையில் வைத்து, என்ன தெரிகிறது, சொல் என்றார். இடப்பக்கம் ஒரு விரல் நீளக் கீறல், அடித்தகட்டில் ஒரு திருகாணி மற்றதற்குச் சோடி இல்லை, கன்னம் படும் இடத்தில் மெருகு தேய்ந்துவிட்டது என்றேன். இதை வைத்திருந்தவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஊகித்துச் சொல் என்றார். அது என் வேலை இல்லை என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன்.

எர்னியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரம் குறைந்தவர். பழுப்பு நிற ஏப்ரனில் வயிற்றுக்கு நேரே இரண்டு பெரிய பைகள் இருக்கும். வாடிக்கையாளர் துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினால் எர்னியின் இரண்டு கைகளும் அந்தப் பைகளுக்குள் போய்விடும். கதை முடியும்வரை வெளியே வரா. நாம் சாமானைத் தொட்ட உடனே ஆட்கள் கதையை நிறுத்திவிடுவார்கள், கதைக்குள்தான் பாதிப் பழுது இருக்கிறது என்பது அவருடைய கணக்கு. கதை முடிந்ததும் கைகள் வெளியே வரும். முதல் வேலையாகப் பூட்டைத் திறந்து, சின்ன விரலை உள்ளே விட்டு, குண்டு இல்லை என்று பார்ப்பார். பிறகு என்னிடம் தருவார். நானும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். நான் திருப்பிக் கொடுத்தால், ஒரு நிமிடத்துக்கு முன் தானே பார்த்ததை மறுபடியும் பார்ப்பார். இத்தனை வருடத்தில் இந்தச் சடங்கு ஒரு நாளும் தவறியதில்லை.

இரண்டாவது வழக்கம், திருகாணி. கடையில் விற்கும் திருப்புளியை அவர் அப்படியே பாவிக்கமாட்டார். ஒவ்வொரு துவக்குக்கும் மலிவான திருப்புளி ஒன்றை எடுத்து, அந்தத் திருகாணியின் வெட்டுக்குள் காகிதம்கூட நுழையாத அளவுக்கு அராவிப் பொருத்திய பிறகுதான் கழற்றுவார். கழற்றியவன் தடம் தெரியக்கூடாது என்பார்.

மூன்றாவது, ஒரு முக்காலி. கூலி கொடுக்க வழியில்லாதவர்கள் வந்தால், தேய்க்கும் வேலையைத் தாங்களே செய்யலாம் என்று அதைக் காட்டுவார். வழக்கறிஞர் ஒருவர்கூட அதில் குந்தியிருந்து தன் மாமனாரின் துவக்கைத் தேய்த்திருக்கிறார். வழக்கறிஞருக்கு என்ன பஞ்சம் என்று கேட்டேன். விவாகரத்து என்றார் எர்னி.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய இலையுதிர்காலத்தில்தான் சிவபாலன் வந்தார். கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"அண்ணை, தமிழோ நீங்கள்? அப்ப முருகன்தான் இஞ்ச கொண்டுவந்து விட்டவர்."

மோர்னிங்சைட்டில் குடியிருக்கும் ட்ரக் சாரதி. ஐம்பத்தைந்து வயது மட்டில். தோளில் ஒரு நீளப் பை, பையில் பூட்டு, சட்டைப்பையில் துவக்கு லைசென்ஸ். லைசென்சை நான் கேட்க முன்னமே எடுத்து நீட்டினார். பையைத் திறந்து துவக்கை வைத்தார். எர்னியின் கைகள் ஏப்ரன் பைக்குள் போயின.

சிவபாலனின் மகள் வடக்கே, வண்டியில் அரை நாள் தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊர்ப் பையனைக் கலியாணம் செய்திருக்கிறாள். பையனின் தகப்பன் பெயர் டக். அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மான் வேட்டைக்குப் போகிற குடும்பம். பையன் மட்டும், தமிழ்ப் பெட்டையை முடித்த கையோடு, மரக்கறிக்கு மாறிவிட்டான். பெட்டை ஆட்டிறைச்சி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடமாட்டாள் என்பது வேறு கதை. துணைக்கு ஆள் இல்லாமல் போன டக், ஒரு நாள் சம்பந்தியைக் கேட்டிருக்கிறார். சிவபாலன் வவுனியாப் பக்கத்துக்காரர், காடு புதிதில்லை. வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தார். முதல் வருடம் சும்மா கூடப் போய் வந்தார். அடுத்த கோடையில் டக், தன் தகப்பனின் துவக்கைச் சட்டப்படி சம்பந்தியின் பெயருக்கே கொடுத்துவிட்டார்.

அங்கேதான் சிக்கல். டக்கின் தங்கைக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவின் துவக்கு வீட்டை விட்டுப் போகிறது என்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்லியிருக்கிறார்.

"எனக்கு விளங்காது எண்டு நினைச்சுத்தான் சொன்னவ. முப்பது வருசமா இந்த நாட்டில ட்ரக் ஓடுறன், எனக்கு இங்கிலீஷ் விளங்காதோ அண்ணை?"

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எர்னிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது. சிவபாலன் ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்குத் தன் ட்ரக்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சில்லுக்குக் கீழே, வேறு ஊர்க்காரர் எலுமிச்சை என்கிற தேசிக்காயை நசிப்பவர். இந்த வருடம் துவக்கும் ஓர் ஆயுதம் அல்லவா. படத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து, விசையில் பூட்டும் போட்டு வைத்தார். பூட்டின் திறப்பைச் சரஸ்வதிக்கும் கொடுக்கவில்லை. இரும்பில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். துவக்குக்குச் சில்லு இல்லாதபடியால் தேசிக்காயை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, குழலின் மேலேயே ஒரு பாதியை வைத்தார். விசயதசமி வரைக்கும் பூசையில் வைத்ததைத் தொடக்கூடாது. விசயதசமிக்கு முன்னமே அவசரமாக ஒரு லோட் வந்து, சிவபாலன் கல்கரிக்கு ட்ரக்கை எடுத்துவிட்டார்.

வீட்டில் மனைவி கமலா. துவக்கைத் தொட அவருக்குப் பயம். பூசையைக் குறைவிடவும் பயம். ஆகவே தள்ளி நின்று, ஒவ்வொரு நாளும் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார். பட்டுத்துணியின் நுனியை எடுத்துத் துவக்கைப் போர்த்தியும் விட்டிருக்கிறார், பேரப்பிள்ளை பார்த்துப் பயப்படக்கூடாது என்று.

கதை முடிந்தது. எர்னியின் கைகள் வெளியே வந்தன. விரல் சோதனை முடித்து, துவக்கை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழைய இரும்பின் கருநீலத்தில், பொட்டு வைத்த மூன்று இடங்களிலும் சிவப்புத் துரு, ஒரு சதக்காசு அளவு வட்டமாக. தேசிக்காய் இருந்த இடத்திலிருந்து குழல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்தச் சாறு ஓடிய வழியில் நீலம் முழுதாகப் போய், இரும்பு நிர்வாணமாக நின்றது. இவை புதியவை. பழைய பழுதுகளும் இருந்தன. மரப்பிடியின் கழுத்தில் வெடிப்பு, பல இடத்தில் நசிவு.

எர்னி மூன்று வட்டங்களையும் வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருடத்தில் மழைத் துரு, வியர்வைத் துரு, நாய் மூத்திரத் துரு எல்லாம் பார்த்துவிட்டேன், இவ்வளவு அளவாக, மரியாதையாக ஒரு துருவை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். நான் மொழிபெயர்த்தேன். சிவபாலன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

"ட்ரக்குக்கு வைச்சா ஒண்டும் ஆகிறேல்லயே அண்ணை."

"ட்ரக்குக்குப் பெயின்ற் கிடக்கு. இதுக்கு இல்லை. இது இரும்பின்ர தோல் மாதிரி."

நவம்பரில் மான் பருவம் தொடங்கும். அதற்கு முன் டக் ரொறன்ரோவுக்கு வந்து, சம்பந்தியைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குள் துவக்கு பழையபடி இருக்க வேண்டும். பெரிய கடை ஒன்றில் முழுதாக மினுக்கி, புதிதாக நீலம் ஏற்றித் தருவதற்குக் கேட்ட விலை துவக்கின் பெறுமதியை விடக் கூட. அந்த வருடம் லோட்டுகள் குறைவு, இளைய மகளின் கலியாணமும் அப்போதுதான் முடிந்திருந்தது. அவர் சொல்லி முடிக்கவில்லை, எர்னி கண்ணால் முக்காலியைக் காட்டினார்.

அன்று மாலை கமலா என்னைத் தொலைபேசியில் பிடித்தார். கடையின் இலக்கத்தைப் புருசனிடமிருந்து வாங்கியிருக்கிறார்.

"அண்ணை, திருத்துறது ஒருபக்கம் இருக்கட்டும். சாமிக்கு வைச்சதாலதான் பழுதாப் போச்சு எண்டு மட்டும் அந்த வெள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சாமி ஒண்டும் செய்யேல்லை, தங்கச்சி. தேசிக்காய்தான் செய்தது."

"அப்ப மஞ்சள் தண்ணி?"

"அதுவும் கொஞ்சம்."

அவர் சற்று யோசித்தார். "தேசிக்காய் எண்டே சொல்லுங்கோ" என்றார்.

முதல் நாள் துவக்கை முழுதாகக் கழற்றி, எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த எழுத்துகள் தெரிந்தன. மூன்றாவது பொட்டுக்குக் கீழே, ஆணியாலோ அரத்தின் முனையாலோ கீறிய இரண்டு ஆங்கில எழுத்துகள். சிவபாலனுக்கு அவற்றைத் தெரியும். டக்கின் தகப்பன், வேட்டைக் கொட்டிலில் சகோதரர்களின் துவக்குகளோடு மாறிப்போகாமல் இருக்கத் தானே கீறிய தன் பெயரின் முதலெழுத்துகள்.

எர்னி பென்சிலை எடுத்து, கடதாசியில் படம் கீறி விளக்கினார். துரு இரும்பைத் தின்று பள்ளம் செய்திருக்கிறது. துருவைக் கறுப்பாக்கலாம், ஓட விடாமல் நிறுத்தலாம். பள்ளம் போகாது. வட்டம் மூன்றும் கறுத்த நிழலாகத் தெரியும். தெரியாமல் செய்ய வேண்டுமென்றால், பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள இரும்பை அராவ வேண்டும். பள்ளம் எழுத்துகளை விட ஆழம். பள்ளம் போவதற்கு முன் எழுத்துகள் போய்விடும்.

சிவபாலன் என்னைப் பார்த்தார். "எழுத்தை எடுத்துப்போட்டு, பிறகு அதே மாதிரிக் கீறி விடேலாதோ அண்ணை?"

எர்னியிடம் கேட்டேன். ஏலும் என்றார். ஆனால் இந்தக் கடையில் இல்லை என்றார். கோபம் எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு என்று சொல்வதுபோலச் சொன்னார். செய்ததை ஒளிக்க வேண்டி வந்தால் அந்த வேலையைச் செய்யாதே என்பது அவருடைய பழைய சட்டம்.

நானும் சிவபாலனும் கோப்பி வாங்கிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தில் நின்றோம். ஊரில் நான் பத்திரிகையில் இருந்ததைக் கோப்பி வாங்கும்போது சொல்லியிருந்தேன். நல்ல வெயில். அவர் கோப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டக் நல்ல மனுசன். ஒண்டும் சொல்லமாட்டார். அவரின்ர தங்கச்சிதான். முதல் வருசமே பழுதாக்கிப்போட்டன் எண்டா, 'நான் அப்பவே சொன்னனான்' எண்டுவா. என்ர பிள்ளையல்லோ அந்தக் குடும்பத்தில இருக்கிறாள்."

நான் கோப்பியில் ஒரு மிடறு குடித்தேன்.

"மினுக்கி விட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"எழுத்து இல்லாதது தெரியும்."

"தேய்ஞ்சு போச்சுது எண்டு சொல்லலாம்."

"சொல்லலாம்."

அவர் என்னை முறைத்தார். "அப்ப என்ர பிழையை மறைக்க அந்த மனுசன்ர பேரை அழிக்கட்டாம் எண்டு சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை, தம்பி. நீர்தான் சொன்னனீர்."

கோப்பியை ஒரே மூச்சில் குடித்து, கோப்பையைக் கசக்கிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். "பத்திரிகைக்காரரோட கதைக்கக்கூடாது" என்றார். உள்ளே போய், எர்னியின் முன்னால் நின்று, தன் ஆங்கிலத்தில் தானே சொன்னார். எழுத்து இருக்கட்டும்.

எர்னி தலையாட்டினார். முக்காலியை இழுத்துப் போட்டார்.

மலிவாகச் செய்யக்கூடிய, ஆனால் அவசரப்படுத்த முடியாத முறை அது. குழலின் இரண்டு வாயையும் மர அடைப்பால் இறுக்கி அடைத்தோம், உள்ளே தண்ணீர் போகக்கூடாது. நீளமான தொட்டியில், உப்பும் சுண்ணாம்பும் இல்லாத காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரும்பை அதற்குள் இறக்கினோம். கொதிக்கிற தண்ணீரில் சிவப்புத் துரு மெல்ல மெல்லக் கறுக்கும். வெளியே எடுத்தால் கறுப்பு வெல்வெட்டுப்போல ஒரு தூள் படிந்திருக்கும். அதை மிக மெல்லிய உருக்குப் பஞ்சால், பாரம் கொடுக்காமல் தடவி எடுக்க வேண்டும். தூள் போன இடத்தில் கருநீலம் தெரியும். எது இரும்பைத் தின்றதோ அதுவே நிறம் மாறி இரும்புக்குக் காவலாக நிற்கும்.

சிவபாலனின் வேலை அந்தத் தடவல். கையுறை போட்டுக்கொண்டு, லோட் இல்லாத நாட்களில் வந்து முக்காலியில் இருப்பார். முதல் நாள் பலமாகத் தேய்த்தார். எர்னி வந்து, ஒன்றும் சொல்லாமல், அவருடைய கையைப் பிடித்து, பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல ஒரு முறை தடவிக் காட்டிவிட்டுப் போனார்.

"இவர் வாயால சொல்லமாட்டாரோ?"

"நீர் இன்னும் ஒருக்கா அழுத்திப் பாரும், சொல்லுவார்."

தேசிக்காய்க் கோடு கடினம். அங்கே துரு இல்லை, வெறும் இரும்பு. கறுப்பாக்க வேண்டுமானால் முதலில் துருவை வரவழைக்க வேண்டும். துருப்பிடிக்க வைக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, பிழிந்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற அளவில், ஒரே இழுப்பில் பூச வேண்டும். திரும்பிப் போய்ப் பூசினால் பட்டையாகத் தெரியும். பூசியதை ஈரமான இடத்தில் தொங்கவிட வேண்டும். எங்களிடம் அதற்கான பெட்டி இல்லை. கடையின் கழிவறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, நனைந்த துவாய்களைச் சுற்றிவரத் தொங்கவிட்டு, நடுவில் குழலைத் தொங்கவிட்டோம். கதவில் 'உள்ளே ஆள்' என்று எழுதி ஒட்டினோம். அவசரமானவர்கள் பக்கத்துப் பிட்சாக் கடைக்குப் போனார்கள். அடுத்த நாள் கோட்டில் மெல்லிய செம்மஞ்சள் படர்ந்திருக்கும். கொதி, தடவு, மறுபடி பூசு. ஒவ்வொரு சுற்றிலும் கோடு கொஞ்சம் இருண்டது, சாம்பல், பிறகு புறாக் கழுத்து, பிறகு சுற்றியுள்ள பழைய நீலத்தோடு சேர்ந்தது.

"அண்ணை, பழுதாக்கினதும் துரு, திருத்துறதும் துரு. வீட்டில கமலாவுக்குச் சொன்னா, மஞ்சள் தண்ணி சரிதானே எண்டு நிப்பா."

மரப்பிடி என் பங்கு. வெடிப்புக்குள் பசையை ஊசியால் இறக்கிக் கட்டி வைத்தேன். நசிவுகளுக்கு ஈரத் துணியை வைத்து, சூடான இஸ்திரிக்கைப்பெட்டியின் நுனியால் ஆவி கொடுத்தேன். நசிந்த மரநார் தண்ணீர் குடித்து மேலே வரும். அரத்தாள் படவில்லை. கன்னம் பட்டுத் தேய்ந்த இடத்தை அப்படியே விட்டேன், அது ஒரு குடும்பத்தின் கன்னம். கடைசியில் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால், சூடேறும்வரை தேய்த்தேன்.

பூட்டிச் சேர்த்துப் பார்த்தபோது துவக்கு பழையதாகவே இருந்தது, ஆனால் சுகமாக இருந்தது. தேசிக்காய்க் கோடு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. மூன்று பொட்டுகளும் இருந்தன. சிவப்பு இல்லை, மினுக்கமான கறுப்பு. மூன்றாவதுக்குள் இரண்டு எழுத்துகள்.

டக் வந்த நாள் வெள்ளிக்கிழமை. சிவபாலன் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, நேரே கடைக்குக் கொண்டுவந்தார். வீட்டில் வைத்துச் சொன்னால் கமலா நடுவில் புகுந்துவிடுவார் என்று காரணம் சொன்னார். டக் நெடிய ஆள், காற்சட்டை வார் போட்டவர், காதில் கேட்கும் கருவி. எர்னிக்குக் கை கொடுத்தார், எனக்குக் கை கொடுத்தார், யோசிக்காமல்.

எர்னி துவக்கை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டார்.

சிவபாலன் ட்ரக்குக்குள் பல தடவை சொல்லிப் பார்த்து வந்திருக்க வேண்டும். தொடக்கம் நன்றாக வந்தது. நடுவில் தேசிக்காயில் தடக்குப்பட்டு, மஞ்சள் தண்ணீரை முற்றாக விட்டுவிட்டு, கல்கரி லோட்டுக்குப் போய், திரும்பி வந்து, பழுது தன்னுடையது, எழுத்தைத் தொடவில்லை, மன்னிக்க வேண்டும் என்று முடித்தார்.

டக் விரலை விட்டுச் சோதித்தார். அதைக் கண்டு எர்னியின் முகத்தில் ஒரு திருப்தி. பிறகு டக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துவக்கை யன்னலுக்குக் கொண்டுபோனார். பெருவிரலால் முதலாவது வட்டத்தைத் தடவினார், இரண்டாவதை, மூன்றாவதை. மூன்றாவதில் விரல் நின்றது. தகப்பனின் எழுத்தில் அது எவ்வளவு நேரம் நின்றது என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் சிவபாலனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துவக்கைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பூசை நாட்களில் இந்தத் துவக்கு என்ன வேலை செய்யும் என்று டக் கேட்டார். ஒன்றும் செய்யாது, அந்த நாட்களில் எந்த ஆயுதத்துக்கும் வேலை இல்லை, அதற்கு ஓய்வு கொடுத்து நன்றி சொல்வதுதான் பூசை என்று சிவபாலன் விளக்கினார்.

டக் திரும்பினார். அப்பா ஒவ்வொரு பருவமும் இதைப் பனியிலும் சேற்றிலும் இழுத்துத் திரிந்தவர், பழைய உள்ளாடைத் துண்டால் துடைப்பதற்கு மேல் எதுவும் செய்ததில்லை என்றார். எங்கள் வீட்டில் இதற்கு ஒருவரும் ஒருநாளும் விடுமுறை கொடுத்ததும் இல்லை, நன்றி சொன்னதும் இல்லை என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு அவருடைய தோளை எல்லாம் குலுக்கியது. தங்கைக்குத் தானே சொல்லுவதாகச் சொன்னார்.

சிவபாலன் தமிழில், தனக்குத்தானே, "அப்பாடா" என்றார். அதை ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

எர்னியின் கைகள் அப்போதுதான் வெளியே வந்தன.

அந்தப் பருவத்தில் இருவரும் ஒரு மானையும் சுடவில்லை. டக் தூங்கிவிட்டார் என்று சிவபாலனும், சிவபாலன் இருமினார் என்று டக்கும் இன்றுவரை சொல்லி வருகிறார்கள்.

அடுத்த வருட ஆயுத பூசைக்கு நான் மோர்னிங்சைட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே உத்தியோகம் இருந்தது. துவக்கின் இரும்புக்கு முன்கூட்டியே மெழுகு பூசி, பூசை முடிந்த கையோடு துடைத்து எண்ணெய் போடுவது. கமலா சந்தனத்தை இரும்பில் வைக்கவில்லை, தோள்வாரில் வைத்தார். தேசிக்காய் தனித் தட்டில், துவக்குக்கு எட்டாத தூரத்தில். மஞ்சள் தண்ணீர்ச் செம்பு சமையலறைக்குள்ளேயே இருந்தது.

டக்கின் பிக்கப் வாசலில் வந்து நின்றது. இறைச்சி இருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார். கடலையும் அவலும் வடையும் கிடைத்தன, வடையில் சமாதானமானார். பின்பெட்டியிலிருந்து முதலில் மரம் அறுக்கும் சங்கிலி வாளை இறக்கினார். பிறகு மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினை அவரும் மகனும் சேர்ந்து தூக்கி வந்தார்கள். இவற்றுக்கும் விடுமுறை வேண்டும் என்றார் டக். கடைசியாக, போர்வையில் சுற்றிய ஒன்றை மிகக் கவனமாகக் கொண்டுவந்து சிவபாலனின் கையில் கொடுத்தார். பழைய தையல் மெசின். தங்கையுடையது. அவர் வரவில்லை, மெசினை அனுப்பியிருந்தார். சொல்லியும் அனுப்பியிருந்தார், பொட்டை இரும்பில் வைக்க வேண்டாம், மரத்தில் வைக்கட்டும் என்று.

சிவபாலன் அதை இறக்கி வைத்து, போர்வையின் நுனியால் துடைத்தார். பிறகு படத்துக்கு மிகக் கிட்ட, துவக்குக்கும் முன்னால், அதற்கு இடம் ஒதுக்கினார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது டக் தன் பிக்கப்பைக் காட்டி, இதுவும் வேலை செய்கிற சாமான்தானே, இதற்கும் வைக்கலாமா, துருப்பிடிக்காதா என்று கேட்டார். சிவபாலன் சந்தனக் கிண்ணத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"இதுக்குப் பயப்படத் தேவையில்லை என்ன அண்ணை? இதுக்குப் பெயின்ற் கிடக்கு."

முன்பக்கத்தில் மூன்று பொட்டு வைத்தார். தேசிக்காயைச் சில்லுக்குக் கீழே வைக்க டக்கே குனிந்தார்.